கோட்டை அகழியிலிருந்து பிச்சாவரம் வரை: படகில் அமர்ந்து பறவைப் படம் எடுக்கக் கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைச் சொல்லிச் சிரிப்பார்கள். சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்ப வந்துவிட்டார். ஆற்றிலும் 2021 நவம்பரில் கரை கொள்ளாத வெள்ளம் போனது. மற்றபடி பாலாறு பெரும்பாலும் மணல்தான். இப்படியொரு ஊரில் இருந்துகொண்டு, படகில் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பது பற்றி எழுதினால் நக்கலாகத்தான் தெரியும். ஆனால் படகில் ஏறுவதற்கு முன்னால் பழக வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசியை இங்கேயே, பெரிய செலவில்லாமல் பழகிவிடலாம். மீதிக்குத்தான் பிச்சாவரம் போக வேண்டும்.

முதல் இரண்டு தடவை படகில் போய் நான் கொண்டுவந்த படங்கள் எதற்கும் உதவவில்லை. லென்ஸ் போதவில்லை என்று நினைத்து, அடுத்த தடவை நண்பனிடம் பெரிய லென்ஸ் கடன் வாங்கிப் போனேன். அப்போதும் அதே கதைதான். பிறகுதான் விஷயம் புரிந்தது. கரையில் நிற்கும்போது வெயில் எந்தப் பக்கம், பின்னணி என்ன, எவ்வளவு கிட்டே போகலாம் என்பதை நம் கால்கள் முடிவு செய்கின்றன. படகில் அந்தக் கால்கள் படகோட்டியுடையவை. நமக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதவரை எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்திருந்தும் பயனில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கேமராவுக்குக் கொஞ்சம் இடமும் படகுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: கையில் இருப்பதே போதும்

லென்ஸ் மாற்றக்கூடிய எந்தக் கேமராவும் போதும். 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தால் ஆரம்பிக்கலாம். 150-600 இருந்தால் நல்லதுதான், ஆனால் சின்னத் துடுப்புப் படகில் அதைத் தூக்கிப் பிடித்தே ஒரு மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும். ட்ரைபாடை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். படகு ஆடும்போது அதன் மூன்று கால்களும் சேர்ந்தேதான் ஆடும், போதாததற்கு மற்றவர்களின் காலை வேறு தட்டிவிடும்.

செட்டிங் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மேனுவல் மோடு, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/2000 வினாடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3 அல்லது உங்கள் லென்ஸ் திறக்கும் அளவு, ஐ.எஸ்.ஓ. (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில், உச்சவரம்பு 6400. அசையும் பறவையைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸ், தொடர் ஷாட், பிறகு கணினியில் திருத்த வசதியான ரா ஃபைல். படகு நின்று பறவையும் அசையாமல் இருந்தால் ஷட்டரை 1/1000 வரை இறக்கலாம். பறவை பறந்தால் 1/2500, 1/3200 என்று ஏற்றுங்கள். படத்தில் சொரசொரவென்று புள்ளி தெரிகிறதே என்று ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயப்பட வேண்டாம். புள்ளியைக் கணினியில் ஓரளவு சரி செய்துவிடலாம், ஆட்டத்தில் கலங்கிய படத்தைச் சரி செய்வது பெரும்பாடு.

இரண்டாம் படி: அகழி

வேலூர்க் கோட்டை அகழிதான் எனக்குப் பள்ளிக்கூடம். காலை ஆறரை மணிக்குப் போனால் மடையான், நீர்க்காகம், வெண்மார்பு மீன்கொத்தி என்று ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். நடைப்பயிற்சிக்கு வரும் கூட்டத்துக்குப் பழகிய பறவைகள் என்பதால் சட்டென்று பறக்காது. வெளிச்ச அளவைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் அகழியில் ஒரு பக்கம் கருங்கல் சுவரின் நிழல், இன்னொரு பக்கம் வானம் பளபளக்கும் தண்ணீர்.

பழக வேண்டியது இதுதான். இருண்ட சுவருக்கு முன்னால் சின்னதாக ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. கேமரா சுவரைப் பார்த்து, வெளிச்சம் குறைவு என்று முடிவு செய்து, படத்தை வெளுக்க வைக்கும். கொக்கின் இறகு விவரம் எல்லாம் போய், சுண்ணாம்பு பூசிய பொம்மை மாதிரி ஆகிவிடும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவை, மைனஸ் 1 அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே வையுங்கள். அதே கொக்கு பளீரென்ற வானத்தில் பறந்தால் கேமரா எதிர்ப்பக்கம் ஏமாறும், கொக்கு சாம்பல் நிறத்தில் வரும். அப்போது பிளஸ் 1. வெள்ளைப் பறவை என்றால் பிளஸ் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியது பறவையின் நிறத்தை மட்டும் அல்ல, ஃபிரேமை நிறைப்பது இருட்டா வெளிச்சமா என்பதை. ஒரு வாரம், தினம் இருபது நிமிடம் போதும். விரல் தானாகத் திரும்ப ஆரம்பித்துவிடும். படகில் யோசிக்க நேரம் இருக்காது.

மூன்றாம் படி: ஊஞ்சல்

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வீட்டு ஊஞ்சலிலோ பூங்கா ஊஞ்சலிலோ உட்கார்ந்து மெதுவாக ஆடிக்கொண்டே, பத்தடி தூரத்தில் மாட்டிய தினசரி காலண்டரின் தேதித் தாளைப் படம் எடுங்கள். முதல் நாள் ராகு காலம், எமகண்டம் எல்லாம் கலங்கித்தான் வரும். ஊஞ்சல் போய்த் திரும்புகிற அந்த முனையில் ஒரு கணம் நிற்கிறது அல்லவா, அந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்தப் பழகுங்கள். படகும் அப்படித்தான். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பும் முன் ஒரு நொடிக்கும் குறைவாக அசையாமல் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. ஆடும்போது தலையணை ஒன்றை நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதே சிரமம், முழங்கை உடம்போடு ஒட்டாது. அதை முதன்முதலில் படகில் தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது.

நான்காம் படி: ஏரிக்கரை

ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய்தான் அதை நிரப்புகிறது. மழை நன்றாகப் பெய்த வருடம் டிசம்பருக்குப் பிறகு போனால் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான், தண்ணீருக்கு மேல் தாழப் பறக்கும் மீசை ஆலா என்று கை நிறைய வேலை இருக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து ஊர் ஏரியைப் பார்க்கலாம். பழைய வட ஆற்காட்டில் ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே கேமராவை விடப் பறவையைப் பாருங்கள். நம் வருகை அதற்குப் பிடிக்கவில்லை என்பதைப் படிப்படியாகச் சொல்லும். முதலில் மேய்வதையோ இறகு கோதுவதையோ நிறுத்தும். பிறகு கழுத்தை நீட்டும். பிறகு உடலை முன்னால் சாய்க்கும், பல நேரம் எச்சமிடும். அடுத்தது பறத்தல். கழுத்து நீண்டதுமே நாம் நின்றுவிட வேண்டும். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் மறுபடி மேய ஆரம்பிக்கும், அதன் பிறகு கிடைக்கும் படம்தான் படம். பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்காகக் கல்லெறிகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். காற்று வீசும் நாளில் பறவை எந்தப் பக்கம் எழும்புகிறது? பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான். காற்று உங்கள் முதுகில் பட்டால், எழும்பும் பறவை உங்களை நோக்கி வரும். முதுகில் காற்று, முதுகில் வெயில். இரண்டும் ஒன்றாக அமையும் காலைதான் நல்ல காலை. படகில் ஏறியதும் படகோட்டியிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

கூடு இருக்கும் மரத்துக்கு அருகே போகவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடக்கம். துப்பாக்கி வைத்திருப்பவனும் கேமரா வைத்திருப்பவனும் அந்த இடத்தில் சட்டத்துக்கு ஒன்றுதான்.

ஐந்தாம் படி: ஏலகிரியில் ஒரு மணி நேரம்

பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் புங்கனூர் ஏரியில் படகு இருக்கிறது. பறவைக்காக அங்கே போக வேண்டாம். கூட்டமும் சத்தமுமான சுற்றுலா இடம் அது. ஆனால் அலையில்லாத நீரில் துடுப்புப் படகில் உட்கார்ந்து பழக இதுபோதும். வார நாள் காலையில் போங்கள்.

நான் முதல் நாள் செய்த தப்பு, படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றியது. துடுப்பு போடும் ஒவ்வொரு அதிர்வும் அப்படியே லென்ஸுக்கு ஏறியது. மோட்டார் படகில் இது இன்னும் மோசம். பலகையில் உட்காராமல் தரையில் உட்காருங்கள், முழங்காலை மடக்கி அதன் மேல் முழங்கையை வையுங்கள். உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். விளிம்பில்தான் வைக்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு மெத்தை வேண்டும். நான் மஞ்சப்பையில் ஒன்றரைக் கிலோ அரிசியை பிளாஸ்டிக் கவரில் கட்டிப் போட்டு, வாயைத் தைத்து வைத்திருக்கிறேன். கடையில் இதையே பீன் பேக் என்று விற்கிறார்கள். கவர் முக்கியம். நான் முதலில் கவர் இல்லாமல் செய்தேன், மூன்றாம் நாள் பையில் இருந்து புளித்த வாசனை வந்தது.

தரையில் உட்காருவதில் இன்னொரு லாபம், லென்ஸ் நீர்மட்டத்துக்கு அருகில் வருகிறது. மேலிருந்து எடுத்தால் வாத்துக்குப் பின்னால் வெறும் தண்ணீர்தான் தெரியும். தாழ இருந்து எடுத்தால் பின்னணி தூரத்துக் கரைக்குப் போய் மங்கி, வாத்து மட்டும் தனியே எழும்பி நிற்கும். படகில் போய்ப் படம் எடுப்பதே பெரும்பாலும் இந்தக் கோணத்துக்காகத்தான்.

ஏலகிரியில் எடுத்த முந்நூறு படங்களில் நேரான நீர்மட்டம் உள்ள ஒரு படம் கூட இல்லை. வ்யூஃபைண்டரில் கட்டக் கோடுகளைப் போட்டுவிட்டுத்தான் இப்போது எடுக்கிறேன். லென்ஸ் மூடி ஒன்றும் அந்த ஏரிக்குள் இருக்கிறது. நூல் கட்டாத எதுவும் படகில் நமக்குச் சொந்தமில்லை.

ஆறாம் படி: பிச்சாவரம்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற அலையாத்திக் காடு. சுரபுன்னை வேர்கள் குடைக்கம்பி மாதிரி வளைந்து தண்ணீரில் இறங்க, நடுவில் ஓடும் கால்வாய்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருப்பதால் அனுமதி, லைஃப் ஜாக்கெட் பற்றிய குழப்பம் குறைவு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வரை ரயில், அங்கிருந்து சிதம்பரம். முதல் நாள் மாலையே சிதம்பரம் போய்த் தங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். வலசை வந்த பறவைகள் இருக்கும், வெயிலும் கொல்லாது.

துடுப்புப் படகைக் கேளுங்கள். குறுகிய கால்வாய்களுக்குள் அதுதான் போகும், சத்தமும் இல்லை. இடம் இருக்கிறது என்று மற்ற பயணிகளோடு சேர்ந்து ஏறாதீர்கள். நான் ஒரு தடவை அப்படி ஏறி, ஒரு குடும்பத்தின் செல்ஃபிகளுக்கு ஒரு மணி நேரம் கேமராமேன் வேலை பார்த்தேன். படகு முழுவதையும் இரண்டு பேர் சேர்ந்து எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு பேருக்கு மேல் என்றால் ஒருவர் லென்ஸை இன்னொருவர் தலை மறைக்கும்.

ஏறுவதற்கு முன், கரையிலேயே, படகோட்டியோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மேலே உள்ளது எல்லாம். அவர் தினமும் கொண்டுபோவது காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை. அவர்களுக்கு வேண்டியது சுற்று. நமக்கு வேண்டியது நிற்றல். "அண்ணே, நிறைய இடம் போக வேண்டாம். ரெண்டு மூணு இடம் போதும், ஆனா நிறைய நேரம் நிக்கணும். நேரம் கூடினா அதுக்கும் சேத்துக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் இதைச் சொன்ன முதல் நாள், அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பறவைக்கா? அப்ப எதுக்கு சார் பெரிய கால்வாய்ப் பக்கம்?" என்று படகை வேறு திசையில் திருப்பினார். எந்தக் கட்டையில் எந்த மீன்கொத்தி உட்காரும் என்று அவருக்கு மனப்பாடம். அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பேச வேண்டியவை வேறு சிலவும் உண்டு. கை சைகைகளை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் உள்ளங்கையைக் கீழே காட்டினால் துடுப்பை நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது துடுப்பைத் தூக்க வேண்டாம், தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். தூக்கினால் சொட்டும் சத்தமும், படகில் இடிக்கும் சத்தமும் பறவைக்குப் போதும். பறவையை நோக்கி நேராகப் போகக் கூடாது. அணியம், அதாவது படகின் முன்பக்கம், பறவைக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி சாய்வாகப் போய், கடைசி இருபது முப்பது அடிக்குத் துடுப்பை விட்டுவிட்டு நீரோட்டத்தில் மிதக்க விடச் சொல்லுங்கள். தானாக மிதந்து வரும் கட்டையைப் பார்த்துப் பறவை பயப்படுவதில்லை, படகும் அப்போது ஒரு கட்டைதான். காலையில் சூரியன் கிழக்கே, ஆகவே பறவைக்குக் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகத் துடுப்பு போட வேண்டியிருக்கும். அதைத்தான் முன்கூட்டியே பேசியது.

உட்காரும் இடம் அணியம். அங்கே நின்றுகொண்டு எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம்.

நீர் ஏறுவதும் வற்றுவதும் இங்கே பெரிதல்ல, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் படத்துக்கு அது பெரிய வித்தியாசம். நீர் ஏறியிருக்கும்போது படகு குறுகிய கால்வாய்க்குள் நுழையும். வற்றியிருக்கும்போது சேறு வெளியே தெரியும். அதில் ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்த ஆண் நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும், சேற்றில் தத்தும் மீன்கள் இருக்கும், உள்ளான்கள் இரை பொறுக்கும். இரண்டு நாள் இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். எந்த நேரம் எது என்று படகோட்டியே சொல்வார்.

ஒளி விஷயத்தில் பிச்சாவரம் ஏமாற்றும். திறந்த கழிமுகத்தில் 1/2000 தாராளமாகக் கிடைக்கும். மரங்கள் மேலே கூடிக் குகை மாதிரி ஆன கால்வாய்க்குள் போனதும் அதே செட்டிங்கில் ஐ.எஸ்.ஓ. உச்சத்தில் போய் முட்டும். உள்ளே நுழையும்போதே படகை நிறுத்தச் சொல்லி, ஷட்டரை 1/250 வரை இறக்கி, ஊஞ்சலில் பழகிய கணத்துக்குக் காத்திருங்கள். பத்துப் பன்னிரண்டு ஷாட் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்று கூர்மையாக வரும். இலை இடுக்கில் இருக்கும் பறவைக்குப் புதிய கேமராக்களின் கண் தேடும் ஃபோகஸ் சில நேரம் வேரையும் கிளையையும் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒற்றைப் புள்ளி ஃபோகஸ். வானத்தில் செம்பருந்து பறந்தால் மறுபடி அகலப் பரப்பு ஃபோகஸ். குளிர்காலத்தில் இந்தக் கால்வாய்களில் கருந்தலை மீன்கொத்தி வரும், ஊதா நீல முதுகும் சிவப்பு அலகுமாக. அதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் தகும்.

பத்து மணிக்கு மேல் தூரத்துப் பறவையை விட்டுவிடுங்கள். நீர்ப்பரப்புக்கு மேல் சூடான காற்று நெளிந்து, படம் நெய் உருகியது போல வரும். கானலை எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் அகல லென்ஸோ, கைபேசியோ எடுத்து வேர்களை, கால்வாயை, வலை வீசுகிற மீனவரை எடுங்கள். பறவை முகம் மட்டுமே உள்ள ஆல்பத்தை நான்கு பக்கத்துக்கு மேல் யாரும் புரட்டமாட்டார்கள். எந்த ஊர்ப் பறவை என்று அது சொல்வதே இல்லை.

கிளையை ஒதுக்கவோ ஒடிக்கவோ வேண்டாம். இங்கே தில்லை மரங்கள் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போகலாம், புளிசாதம் உத்தமம். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தைப் படகில் பிரித்த என் நண்பன் அதைப் பருந்துக்குப் போட்டுப் படம் எடுக்கலாமா என்று கேட்டான். கூடாது. ஆளைக் கண்டால் சோறு என்று பழகிய பறவை பிறகு பழையபடி ஆகாது. பிரியாணியை நாங்களே சாப்பிட்டோம்.

ஏழாம் படி: திரும்பி வந்ததும்

உப்புக் காற்று கேமராவுக்கு எதிரி. படகில் லென்ஸ் மாற்றாதீர்கள். அன்றிரவே, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதி, அப்புறம்தான் தொட வேண்டும். உப்புத்துகள் இருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும். ஈரம் காயாத பையில் மூடி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

படங்களை அன்றே அழிக்காதீர்கள், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஆயிரம் எடுத்தால் பதினைந்து தேறும், முதல் பயணத்துக்கு அதுவே நல்ல கணக்கு. தேறாதவற்றில் ஐம்பதுக்குக் காரணம் எழுதி வையுங்கள்: ஆட்டம், ஃபோகஸ், வெயில் எதிரே, தூரம் அதிகம். எனக்கு எழுதியபோது 'வெயில் எதிரே' என்பதுதான் பாதிக்கு மேல் வந்தது. அதாவது தவறு கேமராவில் இல்லை, நான் படகைத் திருப்பச் சொல்லாததில் இருந்தது. என்னென்ன பறவை, எத்தனை என்ற குறிப்பையும் வைத்திருங்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள அந்தப் பழக்கம் உதவும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எங்கேயும் போடாதீர்கள்.

படகோட்டிக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கருந்தலை மீன்கொத்தியைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுபோனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. என் படகு எங்க?" என்று கேட்டார். அடுத்த தடவை முதல் படமே அவரும் அவர் படகும்தான் எடுத்தேன், படகு எண் தெளிவாகத் தெரியும்படி, 1/1000, வெயில் முதுகுப் பக்கம்.